கொன்றது அறியாமையா? குறைகூலியா?

மாண்டது குழந்தை, குற்றக் கூண்டில் ஏற்றப்பட்டவள் தாய்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே நடந்த விந்தை வழக்கு இது. தொழிலாளர் வாழ்ந்த தெருக்களில் பிஞ்சுகள் ஆண்டுதோறும் ஆயிரமாயிரமாய் உதிர்ந்தன. ஏன் என்று கேட்டவர்க்கு முன்னாளில் 'ஆண்டவன் சித்தம்' என்ற விடை தரப்பட்டது. மருத்துவம் வளர்ந்தது, கிருமி இன்னதென்று தெரிந்தது, பழைய விடை படித்தவரிடையே செல்லாக் காசாயிற்று. உடனே புதிய விடையொன்றைத் தேடிப் பிடித்தனர். 'தாய் அறியாதவள், பிள்ளை வளர்க்கத் தெரியாதவள், அதனால்தான் பிள்ளை சாகிறது' என்றனர்.

விதி போயிற்று, அறியாமை வந்தது. பெயர் மாறிற்றேயன்றிப் பயன் மாறவில்லை. விதி என்று சொன்ன நாளிலும் கூலிப் பட்டியலை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. அறியாமை என்று சொன்ன நாளிலும் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்த நூலொன்று உண்டு. 1913ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த 'ரவுண்ட் அபவுட் எ பவுண்டு எ வீக்' என்பது அதன் பெயர். 'வாரத்திற்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு' என்பது அதன் பொருள். எழுதியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையார். நூறாண்டு கடந்த நூலை இன்று எடுத்து ஆராய்வானேன்? ஏழையின் துன்பத்திற்கு ஏழையின் அறிவுக் குறைவே காரணம் என்று சொல்லிக் கைகழுவும் வழக்கம் அந்த நூற்றாண்டோடு ஒழிந்துவிடவில்லை. அந்த வழக்கத்தை எதிர்த்து வாதாடுவது எப்படி என்பதை இந்நூல் கற்றுத் தருகிறது. அது கற்றுத் தரத் தவறியதும் உண்டு. அதனையும் நாம் கூறத்தான் வேண்டும்.

எண்ணிப் பார்த்த சாவு

இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், ஏழைக் குழந்தைகளின் சாவு எவர் கண்ணுக்கும் தெரியாமல் நடந்ததன்று. எண்ணிப் பார்த்தார்கள், ஏட்டில் பதித்தார்கள். 1842ஆம் ஆண்டு எட்வின் சாட்விக் என்பார், உழைக்கும் மக்களின் உடல்நலச் சூழல்பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மான்செஸ்டர் நகரில் இறந்தோரின் சராசரி வயது அதிலே கணக்கிடப்பட்டிருக்கிறது. உயர்குடியினர்க்கு 38. தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் 17!

பதினேழு என்றால், மான்செஸ்டர்த் தொழிலாளி பதினேழு வயதில் மாண்டான் என்பது பொருளன்று. தொட்டிலிலேயே மாண்டவர்கள் அத்தனை பேர். அவர்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது சராசரி அந்த ஆழத்திற்குச் சரிந்தது என்பதே பொருள். மான்செஸ்டரில் தொழிலாளர் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ஐந்து வயது காணாமலே மறைந்தனர் என்றும், மேல்தட்டினர் பிள்ளைகளில் அவ்வாறு மறைந்தவர் நூற்றுக்கு இருபது பேரே என்றும் பிரெடரிக் எங்கெல்ஸ் 1845இல் எடுத்துக்காட்டினார்.

சாட்விக்கின் பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு. ரட்லண்டு எனும் நாட்டுப்புற மாவட்டத்தில் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 38. அதாவது, மான்செஸ்டர்ச் சீமானுக்குக் கிட்டிய வயதே ரட்லண்டு உழவுக் கூலிக்கும் கிட்டியது. ஓரிடத்தில் இருந்தால் வாழ்வு, இன்னோரிடத்தில் இருந்தால் சாவு என்று ஆகும்போது, குற்றம் தாயின் தலைக்குள் இருக்கிறதா, அல்லது அவள் வாழும் தெருவில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கான விதை 1842லேயே விழுந்துவிட்டது. விளைச்சலை அறுக்கத்தான் எவரும் முன்வரவில்லை.

இலக்கியம் என்ன செய்தது? அழுதது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்' கதையில் நெல் எனும் சிறுமியைச் சாகவிட்டபோது நாடே கலங்கியது என்பர். டிக்கன்ஸ் ஏழைக்காக உள்ளம் உருகியவர். 'பிளீக் ஹவுஸ்' புதினத்தில் தெருக்கூட்டும் சிறுவன் ஜோவின் சாவைச் சொல்லும்போது, பழியைச் சமுதாயத்தின் வாயிற்படியிலேயே கொண்டுபோய் வைத்தவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்ணீருக்கு ஒரு குறை உண்டு. அது ஒரு குழந்தைக்காக வடிகிறது, வடிந்ததும் உலர்கிறது. அழுத வாசகன் மனச்சுமை இறங்கி, நிம்மதியாக உறங்கிவிடுகிறான். நெல் ஏன் இறந்தாள் என்பதற்குக் கணக்குக் கேட்க அவனுக்குத் தோன்றுவதில்லை.

தாய்க்குப் பாடம்!

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1899ஆம் ஆண்டில், பிறந்த குழந்தைகளில் ஆயிரத்திற்கு 163 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அறிவியல் வளர்ந்த நாடு, ஆலைகள் நிறைந்த நாடு, கடல்கடந்த பேரரசை ஆண்ட நாடு. அங்கே ஆறில் ஒரு குழந்தை ஆண்டு நிறைவதற்குள் மண்ணுக்குப் போயிற்று. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுக்கச் சென்றபோது, நோஞ்சான்களாய் வந்து நின்ற இளைஞரைக் கண்டு ஆள்வோர் திடுக்கிட்டனர். உடல் தளர்ச்சிபற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 1904இல் அறிக்கை அளித்தது. ஏழைக் குழந்தையின் உயிர்மீது அரசுக்கு அக்கறை பிறந்தது; படைக்கு ஆள் வேண்டுமே என்ற அச்சம் அந்த அக்கறைக்குத் தூண்டுகோலாயிற்று.

1906இல் மருத்துவர் ஜார்ஜ் நியூமன் குழந்தை இறப்பைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அசுத்தப் பால், நெருக்கடியான வீடு முதலியவற்றைப்பற்றிப் பேசாதவர் அல்லர் அவர். எனினும், இச்சிக்கல் முதன்மையாகத் தாய்மையைப்பற்றிய சிக்கலே என்ற முடிவு அந்நூலில் ஓங்கி ஒலித்தது. 1907இல் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் 'தாய்மார் பள்ளி' திறக்கப்பட்டது. வேறு ஊர்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. குளிப்பாட்டுவது எப்படி, பாலூட்டுவது எப்படி, கஞ்சி காய்ச்சுவது எப்படி எனத் தாய்க்குப் பாடம் சொல்லித் தரப்பட்டது. சில பள்ளிகளில் உணவும் கிடைத்தது. நலன் விளைந்ததும் உண்மை. ஆயினும், அறிவில்லாத ஏழைப் பெண்ணுக்கு அறிவுள்ள சீமாட்டி சொல்லித் தர வேண்டும் என்பதே அந்நாளின் பொது நினைப்பாக இருந்தது.

கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் கல்வியைக் குறைத்துப் பேசப் போவதில்லை. கொதிக்கவைத்த நீரின் அருமை தெரிந்த தாயின் பிள்ளைக்கு, அது தெரியாத தாயின் பிள்ளையைவிட வாழ்வு உறுதி. ஆனால் கொதிக்கவைக்க அடுப்புக்கரி வேண்டுமே! கரிக்குக் காசு வேண்டுமே! பாடம் சொல்பவர் மறந்துபோகும் அந்தக் காசைத்தான் ரீவ்ஸ் அம்மையார் எண்ணத் தொடங்கினார்.

லாம்பெத் தெருக்களில் ஒரு கணக்கேடு

ரீவ்ஸ் அம்மையார் ஆஸ்திரேலியாவில் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1893இல் அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்ற போராட்டத்தில் பங்கு கொண்டவர். கணவர் வில்லியம் பெம்பர் ரீவ்ஸ் அங்கே தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர். லண்டனில் குடியேறியபின், 1908இல் தோன்றிய ஃபேபியன் பெண்கள் குழுவின் முன்னோடிகளில் ஒருவரானார் அம்மையார்.

பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்குப் போதிய ஊட்டம் கிடைத்தால் தாயும் சேயும் எவ்வாறு இருப்பர் என்பதை ஆராய அக்குழுவிடம் ஒரு நிதி ஒப்படைக்கப்பட்டது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள லாம்பெத் பகுதியில் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றனர். பேறுகால மருத்துவமனைப் பட்டியலிலிருந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தனர். குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து அதற்கு ஓராண்டு நிறையும்வரை தொடர்ந்து சென்று பார்த்தனர். வாரம் எவ்வளவு வந்தது, எதற்கெதற்குச் சென்றது என்று ஒவ்வொரு தாயும் கணக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். எழுதத் தெரியாத தாய்மார், கணவனையோ மூத்த பிள்ளையையோ எழுதவைத்தனர். ஆராய்ச்சி 1909 முதல் நான்கு ஆண்டுகள் நடந்தது. அதன் ஒரு பகுதி 1912இல் ஃபேபியன் வெளியீடாக வந்தது. முழுநூல் மறு ஆண்டு வெளிவந்தது.

யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நோக்கத்தக்கது. குடிகாரன் குடும்பத்தையன்று, வேலையற்றவன் குடும்பத்தையுமன்று. ஒழுங்காக வேலைக்குப் போய், கூலியை மனைவி கையில் கொடுக்கும் நிதானமான தொழிலாளிகளின் குடும்பங்கள். வாரக்கூலி 18 ஷில்லிங் முதல் 30 ஷில்லிங் வரை. ஒரு பவுண்டு என்பது 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ்.

இந்தத் தேர்வு தற்செயலானதன்று. எதிரியின் வாயை முன்கூட்டியே அடைத்த திறம். 'குடித்துக் கெட்டான்' என்று சொல்ல வழியில்லை. 'சோம்பிக் கெட்டான்' என்று சொல்ல வழியில்லை. உழைத்தான், ஒழுங்காக இருந்தான், அப்படியிருந்தும் பிள்ளை செத்தது. இப்போது சொல்லுங்கள் காரணத்தை என்று கேட்கிறது நூல்.

வாடகை முதலில், வயிறு பிறகு

காரணத்தை அம்மையார் சொற்பொழிவால் சொல்லவில்லை, காசால் சொல்கிறார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரும் செல்வன் வாடகைக்கும் வரிக்கும் வருமானத்தில் எட்டிலொரு பங்கு தருகிறான். 500 பவுண்டு வரும் நடுத்தரத்தான் ஆறிலொரு பங்கு தருகிறான். வாரம் 24 ஷில்லிங் பெறும் தொழிலாளியோ 8 ஷில்லிங், அதாவது மூன்றிலொரு பங்கு தருகிறான். இருப்பவனுக்கு எட்டிலொன்று, இல்லாதவனுக்கு மூன்றிலொன்று! அந்த எட்டு ஷில்லிங்குக்கு அவனுக்குக் கிடைப்பதோ ஈரமும் இருளும் நெருக்கமும்.

வாடகை போக, கரிக்கும் எரிவாயுவுக்கும் துணிக்கும் போக, மீந்ததுதான் உணவுக்கு. ரொட்டி மலிவு, சமைக்க வேண்டாம், தட்டுகூட வேண்டாம். எனவே பிள்ளைகளுக்கு ரொட்டியே உணவு. உழைக்கப் போகிறவன் விழுந்துவிட்டால் குடும்பமே விழும். எனவே இறைச்சி அவனுக்கு. கடைசியில் மீந்ததைத் தின்றவள் தாய். அவள் வயிற்றில்தான் அடுத்த குழந்தை!

பாலுக்கு வருவோம். 'பிள்ளைக்குப் பால் கொடு' என்று பாடம் நடத்தினார்களல்லவா? பால் ஒரு குவார்ட் 4 பென்ஸ். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு குவார்ட் என்றால் வாரத்திற்கு 28 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங் 4 பென்ஸ். வீட்டில் நான்கு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்கு மட்டும் 9 ஷில்லிங் 4 பென்ஸ். வாடகை 8 ஷில்லிங். ஒரு பவுண்டில் எஞ்சுவது 2 ஷில்லிங் 8 பென்ஸ். அதிலே ரொட்டியும் கரியும் சவுக்காரமும் செருப்பும் வாங்கி ஆறு பேர் ஒரு வாரம் வாழ வேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் யார்? லாம்பெத் தாயா, அவளுக்குப் பாடம் சொன்னவரா?

கஞ்சிபற்றிய பகுதி இந்நூலிலேயே சிறந்த பகுதி எனலாம். ஓட்ஸ் கஞ்சி மலிவானது, சத்துள்ளது. ஏன் இவர்கள் அதைக் காய்ச்சுவதில்லை என்று வசதியுள்ளோர் கேட்பது வழக்கம். அம்மையார் விடையைச் சமையற்கட்டில் தேடுகிறார். வீட்டில் இருப்பது ஒரே பழஞ்சட்டி. அடி பிடிக்கும் சட்டி. நேற்று அதிலே வெந்தது வேறு பண்டம். அதன் வாடை இன்றும் போகவில்லை. கஞ்சியோ நின்று கிளற வேண்டியது. நேரம் எரிகிறது, எரிவாயுவும் எரிகிறது. காய்ச்சி இறக்கினால் ஊற்றப் பாலில்லை, போடச் சர்க்கரையில்லை. கரிந்த கஞ்சியைக் கண்டு பிள்ளை குமட்டுகிறது. மறுநாள் தாய் மீண்டும் ரொட்டியையே கொடுக்கிறாள். அறியாமையால் அன்று, ஆய்ந்து பார்த்துக் கண்ட முடிவால்!

ஒரே கட்டிலில் நான்கு பேர் உறங்கும் வீட்டில் கைக்குழந்தை நசுங்கிவிடுமே என்று வாழைப்பழப் பெட்டியில் தொட்டில் அமைத்த செய்தியும் நூலில் வருகிறது. பிறக்கும்போது நலமாயிருந்த குழந்தை மூன்றாம் மாதம் சற்றுத் தளர்கிறது, ஓராண்டில் மேலும் தளர்கிறது, பள்ளி செல்லும் வயதில் எலும்பு வளைந்தோ மார்புச்சளி முற்றியோ நிற்கிறது என்று அம்மையார் காட்டுகிறார். பிறவியிலே கோளாறில்லை; பிழைப்பிலே கோளாறு. பரம்பரைமீது பழிபோட்டவர்க்கும் இதிலே விடையிருக்கிறது.

இனி, நெஞ்சை உலுக்கும் செலவு ஒன்று. குழந்தை ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு பென்னி வீதம் ஈமக் காப்பீடு! உயிரோடிருக்கும் பிள்ளையின் சவ அடக்கத்துக்காக, அது உண்ண வேண்டிய காசிலிருந்தே வாரந்தோறும் கட்டுகிறாள் தாய். மடமை என்று நகைத்தனர் மேலோர். அம்மையார் நகைக்கவில்லை. காப்பீடு இல்லாத வீட்டில் பிள்ளை இறந்தால் இரண்டே வழி. ஊராட்சியின் பிச்சை அடக்கம் ஒன்று; அந்த இழிவை எவரும் தாங்கார். கடன் வாங்கி அடக்கம் செய்வது மற்றொன்று. அந்தக் கடனை அடைக்கப் பல மாதங்கள் மற்றப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டும். அவள் பென்னி கட்டியதன் பொருள் என்ன? தன் பிள்ளைகளில் ஒன்றாவது சாகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அறியாதவள் அல்லள். நாட்டின் புள்ளிவிவரத்தை நன்கறிந்தவள் அவளே!

கோடை கேட்கும் கேள்வி

லாம்பெத்தின் ஒரு மூலையைக் கொண்டு நாட்டையே எடைபோடலாமா என்று கேட்பாரும் உளர். கேட்கட்டும். நாட்டுப் புள்ளிகளே விடை கூறுகின்றன.

1910இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை 105. 1911இல் 130. 1912இல் 95. 1911இல் நேர்ந்தது என்ன? கொடுங்கோடை. வெயில் காய்ந்தது, ஈ மொய்த்தது, பால் கெட்டது, வயிற்றுப்போக்கு நெருக்கடியான தெருக்களில் புகுந்து கைக்குழந்தைகளை வாரிச் சென்றது. அறியாமைதான் கொன்றது என்போரைக் கேட்கிறோம்: 1910இல் அறிவோடிருந்த தாய்மார் 1911இல் திடீரென அறிவிழந்து, 1912இல் மீண்டும் அறிவு பெற்றார்களா?

அதே 1911ஆம் ஆண்டு, தந்தையின் தொழில்வாரியாகக் குழந்தை இறப்பைக் கணக்கிட்டார்கள். மேல்தட்டினரிடையே ஆயிரத்திற்கு 76. தனித்திறன் பயிலாத கூலிகளிடையே 152. சுரங்கத் தொழிலாளரிடையே 160. உழவுக் கூலிகளிடையே 97! உழவுக் கூலியின் மனைவி பட்டணத்துக் கூலியின் மனைவியைவிட மிகுதியாகப் படித்தவளா? தாய்மார் பள்ளிக்குச் சென்றவளா? இல்லை. கூலியும் அவளுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் காற்று இருந்தது, இடம் இருந்தது, கழிவு வாசற்படியில் தேங்கவில்லை. 1842இல் ரட்லண்டு சொன்னதையே 1911இலும் வயல்கள் சொல்லின. எழுபதாண்டு கழிந்தும் கேட்க மறுத்த செவிகளை என்னென்பது!

இந்தப் புள்ளிகள் இன்னொன்றையும் நமக்கு உணர்த்துகின்றன. கூலி ஒன்றே காரணம் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. கூலியும் குடியிருப்பும், குடிநீரும் கழிவுநீரும் சேர்ந்தே கொல்கின்றன, சேர்ந்தே காக்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுகூடத் தாய் தனியே மாற்றக்கூடியதன்று. நம் வாதம் நிற்பது அந்த அடித்தளத்தின்மீது.

நூலின் நிறையும் குறையும்

நூலை நூலாகவும் எடைபோட வேண்டும். அம்மையாரின் நடை எளிய நடை. அழவைக்க முயலாத நடை. ஒரு குழந்தையின் சாவைச் சொல்லுமிடத்தில், பெட்டிக்கு எவ்வளவு, குழிக்கு எவ்வளவு என்று எழுதி நிறுத்திவிடுகிறார். கூட்டிப் பார்த்த வாசகனுக்குக் கண்ணீர் வருமோ வராதோ, கோபம் வரும். டிக்கன்ஸ் தந்த கண்ணீர் உலர்ந்துவிடும். இந்தக் கணக்கு உலராது. இலக்கியம் என்றால் உவமையும் வருணனையும்தான் என்று எண்ணும் நம் இளைஞர்கள் இந்நூலின் வரவு செலவுப் பக்கங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். உண்மையை வரிசைப்படுத்தி வைப்பதும் ஒரு கலையே.

குறைகளும் உள்ளன. முதலாவது, பேசுவது யார் என்பது. இந்நூலில் வரும் தாய்மார் முதலெழுத்துகளாகவே வருகின்றனர். பெயரை மறைத்தது அவர் மானம் காக்க, அது சரியே. ஆனால் அவர்கள் குரலும் அம்மையார் வாய்வழியாகவே வருகிறது. கணக்கேட்டில் அவர்கள் செய்த எழுத்துப் பிழைகள் சில எடுத்துக்காட்டப்படுகின்றன. படிப்பவர் இதழில் ஒரு புன்னகை அரும்புகிறது. பிள்ளையை இழந்தவளின் எழுத்துப் பிழையில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அன்பும் மதிப்பும் நிறைந்த நூலில் இது ஒரு கறை.

இக்குறையை நிறைவு செய்ய இன்னொரு நூல் 1915இல் வந்தது. 'மெட்டர்னிட்டி' என்பது அதன் பெயர். மகளிர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் மார்கரெட் லூவலின் டேவிஸ் தொகுத்தது. தொழிலாளர் மனைவியர் தம் கைப்பட எழுதிய 160 கடிதங்கள் அதில் உள்ளன. பெற்றதும் இழந்ததும், கருச்சிதைந்ததும், பிள்ளை பெற்ற சில நாளில் எழுந்து துணி துவைத்ததும் அவர்கள் வாய்மொழியாகவே வருகின்றன. அச்சங்கத்தார் பெரும்பாலும் ஓரளவு நல்ல கூலி பெற்ற குடும்பத்தினர். அவர்கள் பாடே அதுவென்றால், லாம்பெத் தாயின் பாடு என்னவாக இருந்திருக்கும்! ரீவ்ஸ் அம்மையார் தாய்க்காக வழக்காடிய வழக்கறிஞர். 'மெட்டர்னிட்டி'யில் தாயே சாட்சிக் கூண்டேறிப் பேசுகிறாள். வழக்கறிஞரும் வேண்டும், ஆனால் சாட்சியின் இடத்தை வழக்கறிஞர் எடுத்துக்கொள்ளலாகாது. இரு நூல்களையும் ஒருசேரப் படிப்பவர்க்கே வழக்கு முழுமையாக விளங்கும்.

இரண்டாவது குறை சற்று ஆழமானது. கூலி என்பது வேலைக்குத் தரப்படுவது, வயிறுகளின் எண்ணிக்கைக்கு அன்று. எனவே பிள்ளையைக் காக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்று அம்மையார் முடிக்கிறார். பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பள்ளியில் உணவு, மருத்துவச் சோதனை எல்லாம் வேண்டும் என்கிறார். அனைத்தும் வேண்டியவையே. ஆயினும், அந்தக் கூலி ஏன் ஒரு பவுண்டிலேயே நிற்கிறது, அந்த உழைப்பின் எஞ்சிய பயன் எவர் பைக்குள் போகிறது என்ற கேள்வியின்மேல் நூல் நீள நிற்கவில்லை. ஒரு பவுண்டில் வாழ முடியாது என்று மெய்ப்பித்தவர், ஒரு பவுண்டு கொடுத்தவனைக் கூண்டுக்கு அழைக்கவில்லை. தாயை விடுதலை செய்தார்; வேறெவரையும் குற்றவாளியென்று பெயர் சுட்டவில்லை.

கணக்குத் தந்த வெற்றி

இருப்பினும், நூலும் அதன் பின்நின்ற இயக்கங்களும் வீணாகவில்லை. பள்ளியில் உணவளிக்க ஊராட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் 1906இலேயே வந்திருந்தது. 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கு 30 ஷில்லிங் தந்தது. அந்தத் தொகை தாய்க்கே உரியது என்பதை மகளிர் கூட்டுறவுச் சங்கம் போராடி 1913இல் நிலைநாட்டியது. 1918இல் தாய்சேய் நலச் சட்டம் வந்தது. எலனோர் ராத்போன் அம்மையார் கால் நூற்றாண்டுக்கு மேல் வாதாடியதன் விளைவாக, 1945இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் நிறைவேறியது. முதற்பிள்ளை தவிர்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங், தாயின் கையில்! 'பணம் கொடுத்தால் பாழாக்கிவிடுவாள்' என்று அஞ்சப்பட்ட அதே தாயின் கையில்!

1899இல் 163 ஆக இருந்த குழந்தை இறப்பு இன்று அந்நாட்டில் ஆயிரத்திற்கு நான்கை ஒட்டி நிற்கிறது. தூய பாலும், கழிவுநீர்க் குழாயும், தடுப்பு மருந்தும், நல்ல வீடும், கூடிய கூலியும், கல்வியும் சேர்ந்து கண்ட வெற்றி இது. அப்போதும், அந்நாட்டின் வறுமை மிக்க பகுதிகளில் அவ்வீதம் வசதி மிக்க பகுதிகளைவிட இன்றும் உயர்ந்தே இருக்கிறது. இடைவெளி சுருங்கியது, மறையவில்லை.

பகுத்தறிவு என்பது பழைய தெய்வத்தை மறுப்பதோடு முடிவதன்று. புதிய பெயரில் வரும் பழைய சாக்குகளையும் அது இனங்காண வேண்டும். 'விதி' என்றவனிடம் சான்று கேட்டோம். 'அறியாமை' என்பவனிடமும் கேட்போம். ஏழை வீட்டில் சாவு நேர்ந்தால், அங்கே தாய்க்குப் புத்தி சொல்லப் புறப்படுமுன், அந்த வீட்டின் வாரக் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கிப் படிப்போம். வந்தது எவ்வளவு, வாடகை எவ்வளவு, பால் எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்போம். கூட்டிய பிறகும் அவளுக்குச் சொல்ல அறிவுரை ஏதேனும் மீந்திருந்தால், தாராளமாகச் சொல்வோம்.

லாம்பெத் தாய்மாரில் சிலருக்கு எழுதத் தெரியாது. ஆனால் 240 பென்சை ஏழு நாளுக்கும் எட்டு வயிற்றுக்கும் பங்கிடத் தெரியும். அந்தக் கணக்கிலே பிழை இருந்தது, மெய்தான். அது அவள் போட்ட பிழையன்று. அவளுக்குத் தரப்பட்ட தொகையிலேயே இருந்த பிழை.